ஸ்லிப்பில் நின்றவர்

ஔந்த், புனே
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கும் ஜெனிபர் மன்னிக்கும் அமலா நமஸ்காரம் பண்ணி எழுதுவது. நானும் பெண் சுப்ரஜாவும் இங்கே சுகம். மழை வந்தால் என் முழங்கால் மட்டும், தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. உன் காது மிஷின் எப்படி? போன வாரம் போனில் நான் கத்திய கத்தலில் பக்கத்து பிளாட் மராத்தி அம்மாள் கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரல் படத்தைத் தவிர எதுவும் அனுப்புவதில்லை. ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். நம் தாத்தா ஸ்வாமிநாதன் இங்கே மிலிட்டரி அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்தபோது விளையாடிய கிளப் இருக்கிறதே, அதன் பெவிலியனைப் புதுப்பிக்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துச் சுவரில் பதிக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே நாலு வரி. கிரிக்கெட், டென்னிஸ் இரண்டிலும் வருகிறவர் தாத்தா ஒருத்தர்தானாம். கிளப் செக்ரட்டரி சுப்ரஜாவின் ஆபீஸ் சிநேகிதிக்கு மாமா. அப்படித்தான் எங்களைக் கண்டுபிடித்தார்.

நாலு வரியைக் குடும்பமே எழுதித் தரலாம் என்கிறார். தாத்தாவைப் பற்றிப் பேசுவதென்றால் உனக்குச் சோறு தண்ணி வேண்டாம். நீயே எழுதி அனுப்பு. விழா பிப்ரவரியில். மன்னியையும் அழைத்துக்கொண்டு வரப் பார். குளிர் அதற்குள் குறைந்துவிடும்.

அன்புடன்,
அமலா

*

கோயம்புத்தூர்
20 ஆகஸ்ட் 2024

அமலாவுக்கு அண்ணா சந்திரமௌலியின் ஆசீர்வாதம். இங்கே இருவரும் நலம். மிஷின் நன்றாகவே வேலை செய்கிறது, வேண்டாத சத்தம் எல்லாம் கணீரென்று கேட்கிறது. முழங்காலுக்கு ஒழுங்காகத் தைலம் தேய்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். நாலு வரி எந்த மூலைக்கு? 1908லிருந்து நாலு சீசன் கிரிக்கெட். விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில் தாத்தா நின்றால் கேட்ச் தவறாது. பிறகு டென்னிஸ். பஞ்சகச்சமும் குல்லாயுமாக ஆடி, கிளப் சிங்கிள்ஸ் கோப்பையை வருஷா வருஷம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். டபுள்ஸ் மட்டும் ஆடவே மாட்டார். தனக்கு ஈடான ஜோடி இல்லை என்பாராம். என்ன கர்வம் பார்!

ஆனால் சுவரில் போக வேண்டியது வேறு. அவர் கிரிக்கெட்டை ஏன் விட்டார் என்பது. என் கல்யாணப் பேச்சு நடந்த அன்று நீயும் கதவோரம் நின்று கேட்டாய். ஜெனி கிறிஸ்தவப் பெண், இந்தக் கல்யாணம் நடக்கவே கூடாது என்று மாமா, சித்தப்பா, அத்திம்பேர் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து கத்தினார்கள். ரேஷன் கடையில்கூடக் குரலை உயர்த்தாத நம் அப்பா எழுந்து நின்றார். "எங்கப்பா கிரிக்கெட்டை ஏன் விட்டார் தெரியுமோ? டீம்ல ஒரு பவுலர், தாழ்ந்த ஜாதின்னு அவரை மட்டும் வெளியில உட்கார வெச்சு சாதம் போட்டா. அப்பா பொறுக்காம இலையை விட்டு எழுந்து வந்துட்டார். அவருக்குப் பிள்ளையாப் பொறந்த நான் ஒரு பொண்ணை வாசல்ல நிறுத்த மாட்டேன்" என்றார். நம் குடும்பத்தில் தாத்தா சொன்னதற்கு அப்பீல் ஏது?

அப்பாவுக்குச் சொந்தத் தைரியம் ஏது, பாவம். அன்றைக்குப் பேசியதும் தாத்தாவின் தைரியம்தான். எனக்கு ஜெனி கிடைத்தது அந்த மனுஷரால்.

அந்தப் பவுலரின் குடும்பத்தார் அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று தேடு. விழா மேடையில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கதையை நான் என் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஆசிகளுடன்,
அண்ணா

*

ஔந்த், புனே
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு, அமலாவின் நமஸ்காரம். கண்பதி உற்சவ மேளச் சத்தத்தில் எனக்கும் உன்னைப் போலவே காது போய்விடும் போலிருக்கிறது. மற்றபடி சுகம். மன்னிக்கு இருமல் நின்றதா?

நீ சொன்ன ஆள் கிடைத்துவிட்டார்! பவுலரின் பெயர் தோண்டிபா காம்ப்ளே. இடது கைச் சுழல் பந்து. ரயில்வேயில் ஃபிட்டர். அவர் பெயரும் சுவரில் வருகிறது. பேரன் யஷ்வந்த் காம்ப்ளே தேஹு ரோடு ராணுவ டிப்போவில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர், அங்கேயே வீடு. செக்ரட்டரி நம்பர் கொடுத்தார். பேசினேன். கலகலவென்று பேசுகிறார். "ஸ்வாமிநாதன் வீட்டுப் பெண்ணா? வாங்க, வாங்க, எங்கள் வீட்டில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் கிடையாது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுப்ரஜாவோடு போகிறேன். வந்ததும் எல்லாம் விவரமாக எழுதுகிறேன்.

அமலா

*

கோயம்புத்தூர்
1 அக்டோபர் 2024

அமலாவுக்கு ஆசீர்வாதம். இருவரும் சௌக்கியம். ஜெனியின் இருமல் நின்றுவிட்டது, என்னுடையதுதான் ஆரம்பித்திருக்கிறது.

ஞாயிறு போய் அடுத்த ஞாயிறும் போய்விட்டது. தபால்காரர் தெருவுக்குள் வரும்போதே நான் கேட்டில் நிற்கிறேன். போனாயா? என்ன சொன்னார்கள்? தாத்தா எழுந்து வந்ததை அவர்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள்? அந்தப் பக்கத்திலிருந்து கேட்கத்தான் எனக்கு ஆவல்.

மேடையில் பேச வேண்டியதை எழுதிவிட்டேன். ஆரம்பம் மட்டும் மராத்தியில் இருக்கட்டும் என்று எதிர்வீட்டுக்கு வந்திருக்கும் சோலாப்பூர் மருமகளிடம் கேட்டுப் பாடம் பண்ணுகிறேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உடனே பதில் போடு.

அண்ணா

*

ஔந்த், புனே
9 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு, அமலாவின் நமஸ்காரம். இருமலுக்கு வெந்நீரில் மிளகு போட்டுக் குடி. குளிர்ந்த மோரைத் தொடாதே.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. சுப்ரஜா தினமும் ஸ்கூட்டியில் ஹடப்சர் போய்த் திரும்புவதற்குள் என் உயிர் போய் வருகிறது. ஹிஞ்சவடி பக்கம் வேறு வேலை பார்க்கச் சொன்னால், இந்த ஆபீஸில்தான் சிநேகிதிகள் இருக்கிறார்கள் என்கிறாள். மாடியில் ஒழுகுகிறது. சொசைட்டி மீட்டிங்கில் அதற்கு ஒரு மணி நேரம் சண்டை. நவராத்திரிக்கு ஐந்து படிதான் வைத்தேன். கீழ்வீட்டு அம்மாள் பாக்கர்வடி கொண்டுவந்து கொடுத்தாள். நான் கொடுத்த சுண்டலில் உப்பு கம்மி.

தேஹு ரோடு போய்விட்டு வந்தோம். நல்ல மனிதர்கள்.

மன்னியை விசாரித்ததாகச் சொல்லு.

அமலா

*

ஔந்த், புனே
9 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெனிபர் மன்னிக்கு, அமலா எழுதுவது. இது உங்களுக்கு மட்டும். தபாலில் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன். அது மத்தியானம்தான் வரும், அண்ணா அப்போது தூங்கிக்கொண்டிருப்பான் என்ற தைரியம். அவனுக்கு இன்றைக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் உங்களுக்கே தெரியும், மழையையும் சுண்டலையும் தவிர அதில் ஒன்றும் இல்லை.

காம்ப்ளேயும் அவர் பெண் தீப்தியும் எங்களை அப்படி வரவேற்றார்கள். டீ வந்தது. நான் ஆரம்பித்தேன், எங்கள் தாத்தா உங்கள் தாத்தாவுக்காகச் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தவர் என்று. அவர் டீயைக் கீழே வைத்தார். அவர் இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"அம்மா, உங்க தாத்தா எழுந்தது நிஜம். ஆனா எங்க தாத்தா அதுவரைக்கும் வெளியிலதான் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். நாலு வருஷமும் வெளியிலதான். அன்னைக்கு வெள்ளைக்காரப் பட்டாளத்து டீமை ஜெயிச்சாங்க. கேப்டன் ஒரு வக்கீல். இவன்தானே நம்மை ஜெயிக்க வெச்சான், இன்னைக்கு உள்ளே நம்மோட உட்காரட்டும்னு கையைப் பிடிச்சு உட்கார வெச்சார். அப்பதான் உங்க தாத்தா எழுந்தார். தொப்பியை எடுத்துக்கிட்டுப் போனவர் கிரிக்கெட் பக்கம் திரும்பி வரவே இல்லை."

மன்னி, ஒரே பந்தி, ஒரே ஆள் எழுந்தார். நாம் காரணத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் பெருமைப்பட்டிருக்கிறோம்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார். "எங்க தாத்தாவுக்கு அவமானத்தைவிட வேற வருத்தம் இருந்தது. அவர் விக்கெட்ல பாதி உங்க தாத்தா ஸ்லிப்ல பிடிச்ச கேட்ச். உங்க தாத்தா போனப்புறம் அந்த இடத்துல நின்னவனுக்குக் கையே இல்லை! நான் போட்ட பந்தை நாளெல்லாம் கையில வாங்கினவன், பக்கத்துல உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட மாட்டேன்னுட்டானேன்னு சாகிற வரைக்கும் சொல்வார்" என்றார்.

அதன் பிறகு தீப்தி அவலில் செய்த போஹா கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிடுகிறேனா என்று பார்க்கிறாள் போல எனக்கு ஒரு எண்ணம். அவள் பார்க்கவே இல்லை, எல்லாம் என் மனசுதான். வயிறு கேட்காமலே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

தாத்தா டபுள்ஸ் ஆடாததும் எனக்கு இப்போது கர்வமாகத் தெரியவில்லை. டென்னிஸ் சிங்கிள்ஸில் நெட்டுக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் கவலை இல்லை. கூடவே நிற்க வேண்டாம், ஆட்டம் முடிந்தால் அவரவர் வீட்டில் அவரவர் சாப்பாடு.

என் கவலை அண்ணா. அவன் மேடையேறி காம்ப்ளேயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லப் போகிறான். சொல்லவிட்டால் அது அவர்களுக்கு இன்னொரு அவமானம். உண்மையைச் சொன்னால் அண்ணா உடைந்து போவான். உங்கள் கல்யாணமே அந்தக் கதையின் மேல்தான் நிற்கிறது என்று நினைத்திருக்கிறான். நீங்கள் பக்குவமாக அவனிடம் சொல்ல முடியுமா?

அமலா

*

கோயம்புத்தூர்
24 அக்டோபர் 2024

அமலாவுக்கு ஆசீர்வாதம். நலம்.

மழைக்கு ஒரு பக்கம், ஒழுகலுக்கு அரைப் பக்கம், சுண்டலுக்குக்கூட ஒரு வரி. காம்ப்ளேக்கு இரண்டு சொல். எனக்குக் காதுதான் மந்தம், புத்தி இல்லை. என்ன மறைக்கிறாய்? அவர்கள் வசதியில்லாமல் கஷ்டப்படுகிறார்களா? மேடைக்கு வரச் சங்கோஜப்படுகிறார்களா?

பிப்ரவரிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புது வேஷ்டி எடுத்தாயிற்று. ஜெனியிடம் என் மராத்தியைச் சொல்லிக் காட்டினால் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுகிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று?

அண்ணா

*

கோயம்புத்தூர்
2 நவம்பர் 2024

அன்புள்ள அமலாவுக்கு ஜெனிபர் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இருவரும் சுகம். நீயும் சுப்ரஜாவும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ எழுதிய விஷயம் எனக்குப் புதிது இல்லை, அமலா.

நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், உங்கள் தாத்தாவின் திவசத்துக்கு முதல் நாள் உன் அப்பா அடுக்களைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார். "ஜெனி, அன்னிக்குக் கூடத்துல நான் சொன்னது பொய். அந்த பவுலரை உள்ளே உட்கார வெச்சதுக்குத்தான் எங்கப்பா எழுந்து வந்தார். அதைக் கடைசி வரைக்கும் பெருமையாத்தான் சொல்லிண்டிருந்தார். நான் சொன்னா இந்தக் குடும்பத்துல யார் கேப்பா? அவர் சொன்னாத்தான் கேப்பா. அதனால என் பேச்சை அவர் வாயில வெச்சேன். நாளைக்கு எல்லாரும் உன்னை அவருக்கு நமஸ்காரம் பண்ணச் சொல்வா. தெரியாம நீ பண்ணப்படாது" என்றார்.

மறுநாள் எனக்குத் தலைவலி என்று அவரே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நான் அறையிலேயே இருந்தேன்.

இவரிடம் நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தாத்தாவைப் பற்றிப் பேசும்போது இவர் முகத்தைப் பார்த்திருக்கிறாயே, எப்படிச் சொல்வது? இப்போது சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. அந்தப் பெரியவர் காம்ப்ளேயை மேடையில் நிறுத்தி அந்தக் கதையைக் கேட்க வைப்பது பாவம். ஆனால் என்னால் முடியாது, அமலா. இந்தக் காதுக்கு எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பாலில் சர்க்கரை போடவா என்பதே தெருவுக்குக் கேட்கிறது. இந்த விஷயத்தைக் கத்திச் சொல்ல எனக்குத் தொண்டை வரவில்லை. நீ எழுது. நான் சொன்னதையும் சேர்த்தே எழுது. அவர் படிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

ஜெனிபர்

*

ஔந்த், புனே
18 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு, உன் தங்கை அமலாவின் நமஸ்காரம். இதை உட்கார்ந்து படி. மன்னியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்.

காம்ப்ளே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாத்தா பந்தியிலிருந்து எழுந்தது தோண்டிபா காம்ப்ளேயை வெளியே வைத்ததற்காக இல்லை, உள்ளே உட்கார வைத்ததற்காக. கேள்விப்பட்ட கதைதானே, யாரோ மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று நானும் நினைத்துப் பார்த்தேன். அப்படி இல்லை. அப்பாவே இதை மன்னியிடம் சொல்லியிருக்கிறார். தன் பேச்சு எடுபடாது என்று தாத்தா பெயரில் ஒரு கதை கட்டினாராம். மன்னி எனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். மன்னியைக் கோபிக்காதே, உன் சந்தோஷத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சுவரில் என்ன எழுதுவது, நீ மேடையில் என்ன பேசுவது, வருவதா வேண்டாமா, எல்லாம் நீதான் முடிவு செய்ய வேண்டும். படித்ததும் ஒரு வரியாவது எழுது, அண்ணா.

அமலா

*

ஔந்த், புனே
20 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல்கூட வரவில்லை. மன்னிக்குப் போன் செய்தால், சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன் என்கிறார். கிறிஸ்துமஸ் கேக் செய்தீர்களா?

செக்ரட்டரி நாலு வரியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். காம்ப்ளேயும் போன் செய்தார். "உங்க அண்ணனுக்கு ரொம்பச் சங்கடம்னா நாங்க அந்தக் கதையைப் பேசவே மாட்டோம்மா, அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. இதிலும் நாம் அவர்களையே விட்டுக்கொடுக்க வைக்கிறோம்.

எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

அமலா

*

கோயம்புத்தூர்
13 ஜனவரி 2025

என் அன்புள்ள அமலாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதம் வந்த அன்று காது மிஷினைக் கழற்றி மேஜையில் வைத்தவன், போன வாரம்தான் திரும்ப மாட்டினேன். அதுவரை ஜெனியும் என்னோடு பேச முயற்சிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

முதலில் காம்ப்ளே மேல் கோபம் வந்தது. பிறகு உன் மேல், பிறகு ஜெனி மேல். தாத்தா மேல் வருவதற்கு நாள் பிடித்தது. அப்பா மேல் மட்டும் வரவே இல்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது வருஷமாக நான் நன்றி சொன்னது தப்பான மனுஷருக்கு.

அந்தக் கூடத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தன்னை என்றைக்கும் மதிக்காத அத்தனை பேர் நடுவில், பயந்த சுபாவக்காரர், கையில் ஒன்றுமில்லாமல் எழுந்து நிற்கிறார். தன் அப்பா செய்ததை நன்றாகத் தெரிந்தவர். அவரைவிட நல்ல அப்பா ஒருவரை அந்த நிமிஷத்தில் உண்டாக்கி, அவர் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார். பிறகு நான் தாத்தாவைக் கொண்டாடியபோதெல்லாம் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கு அந்தத் தைரியத்தில் பாதியாவது வந்திருக்கக் கூடாதா என்று அவர் முகத்துக்கு நேராகவே நான் கேட்டிருக்கிறேன், அமலா. ஆமாம்டா என்று சிரித்தார்.

சுவருக்கு நாலு வரி இதோடு இருக்கிறது. ஸ்லிப்பில் பிடித்த கேட்ச்கள், சிங்கிள்ஸ் கோப்பைகள், அதெல்லாம் அவர் சம்பாதித்தவை, இருக்கட்டும். மூன்றாம் வரியில், தோண்டிபா காம்ப்ளேயுடன் ஒரே பந்தியில் உட்கார மறுத்து 1912ல் அணியை விட்டு விலகினார் என்று போடச் சொல். கமிட்டிக்குக் கூச்சமாக இருந்தால் ஸ்வாமிநாதன் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிடு. காம்ப்ளே விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்றும் சொல்லு. மேடையில் பேச மாட்டேன். நான் வரலாமா என்று அவரிடம் கேட்டு எழுது. அவர் சரி என்றால் வருகிறோம், வேண்டாம் என்றால் டிக்கெட்டை ரத்து செய்கிறேன்.

இன்னொரு காரியம். இந்த வீட்டுக் கூடத்தில் தாத்தா பேட்டோடு நிற்கிறார், மாடியில் ராக்கெட்டோடு நிற்கிறார். அப்பா படம் எங்கே என்று தேடினேன். அலமாரி, பரண் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றுகூட இல்லை. உன் கல்யாண ஆல்பத்தில் எங்காவது ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார். சுப்ரஜாவிடம் சொல்லி அதைப் பெரிதாக்கி அனுப்பு. கொஞ்சம் சீக்கிரம் அனுப்பு. கண்ணை மூடினால் அவர் முகம் எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறது.

அண்ணா